நாலாவது பெடல்

பெட்டிக்குள்ளிருந்துதான் சத்தம் வந்தது என்று அந்தக் குடும்பமே நினைத்துவிட்டது.

தகனக் கூடத்தில் நாற்பது பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி திரைக்குப் பின்னால் போவதற்கு முன் ஒரு நிமிட மௌனம். அந்த மௌனத்தின் நடுவில் கரக், கரக் என்று பலகையை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். இறந்தவரின் தம்பி வெடுக்கென்று எழுந்து நின்றார். மூத்த மருமகள் பக்கத்தில் இருந்த யாருடைய தோளையோ இறுக்கிப் பிடித்தாள். பின்வரிசையில் ஒரு குரல், ரொம்ப மெதுவாக, "அப்பா" என்றது.

சுரண்டியது அப்பா இல்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்டீலக்காவின் வலது காலுக்கு அடியில் இருந்த வால்யூம் பெடல்.

ஸ்டீலக்கா என்பது கூடத்தில் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். புதிதாகச் சேர்ந்த கணக்கர் ஒருவர், அவளுக்குப் பாத்திரக் கடை இருக்கிறது என்று நம்பி, நல்லதாக ஒரு குக்கர் சொல்லுங்கள் என்று கேட்டு நின்ற கதையும் உண்டு. அவள் வாசிப்பது பெடல் ஸ்டீல் கிட்டார். பெயர்தான் கிட்டார், பார்வைக்கு நாலு காலில் நிற்கிற குட்டி மேசை. மேலே பத்துக் கம்பி. இடது கையில் ஒரு இரும்பு உருளை, வலது கை விரல்களில் மாட்டிய நகங்கள், இடது காலுக்கு மூன்று பெடல், முழங்காலால் இடித்து நகர்த்த இரண்டு நெம்புகோல். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள்போல உடம்பு முழுவதற்கும் வேலை இருக்கும். வலது காலுக்குத்தான் தனி உத்தியோகம். கம்பியைத் தட்டினால் சத்தம் பிறந்த கையோடு சாக ஆரம்பித்துவிடும். அது சாகச் சாக, வலது காலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் கேட்கிறவருக்கு அது செத்துக்கொண்டிருப்பது தெரியாது. "செத்தத சாகாத மாதிரி காட்டுற வேலை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கூடத்தில் வேறு யாரும் அதற்குச் சிரிப்பதில்லை.

மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நாற்காலியும் போட்டார். நாற்காலி போட்டாலே விஷயம் நல்லதில்லை என்று பத்து வருட அனுபவத்தில் அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணும் நெனச்சுக்காதீங்க ஸ்டீலக்கா. அவங்க பெட்டியத் திறந்து பாக்கணும்னு சொல்லிட்டாங்க. திறந்து காட்டினேன். நானே ஒரு தடவ எட்டிப் பாத்துக்கிட்டேன்."

"பெடல்தான் சார். உள்ள சத்தம் கூட்டுற கரித்தகடு தேஞ்சு போச்சு."

"எது தேஞ்சாலும் திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிருங்க. இல்லேன்னா ரெக்கார்டு பாட்டு போட்டுக்கலாம்னு மேல சொல்றாங்க."

ரெக்கார்டு பாட்டு. அந்தக் கூடத்துக்கு அவள் வந்ததே ஒரு ரெக்கார்டு பாட்டால்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளுடைய கணவனை அங்கேதான் கொண்டுவந்தார்கள். அவன் பாடகன். நல்ல குரல், கொஞ்சம் தலைக்கனம். அவன் பெட்டி திரைக்குப் பின்னால் போகும்போது ஏதோ ஒரு மெஷினில் பாட்டு ஓடி, நடுவில் திக்கி, அதே வரியை நாலு தரம் சொல்லிற்று. ஒரு வருடம் கழித்து அவள் மேலாளரிடம் போய், எந்த மனுஷனும் இப்படிப் போகக்கூடாது, நான் வாசிக்கிறேன் என்றாள். அப்படி வாங்கிய வேலை இது.

கணவன் செத்தது வேன் விபத்தில். கச்சேரி முடிந்து திரும்பும்போது வேனை ஓட்டியவன் அவளுடைய தம்பி. அவளுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்பதால் அவள் போகவில்லை, அவள் இடத்தில் தம்பிதான் ஸ்டீல் வாசித்தான். அக்காவும் தம்பியும் ஒரே கருவியை மாற்றி மாற்றி வாசித்து வளர்ந்தவர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த தம்பியிடம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ மட்டும் ஏன்டா பொழச்ச?"

அவன் கால் கட்டைப் பிரித்த வாரமே காணாமல் போனான். ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. அவளும் முதல் வருடம் தேடவில்லை. அதை மறைத்துச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்த வருடம் முழுவதும் அவன் செத்துத் தொலையட்டும் என்றுதான் இருந்தாள். இரண்டாவது வருடத்திலிருந்து அந்தக் கேள்வி அவளைத் தின்ன ஆரம்பித்தது. பல் துலக்கும்போது வரும், பஸ்ஸில் வரும், யாரோ ஒருவருடைய பெட்டிக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருக்கும்போது வரும். அவன் கையைப் பிடித்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லாமல் போயிற்று. ஆனால் ஆளைக் காணோம். ஏழு வருடம் தகவல் இல்லாதவன் இறந்தவன் என்று சட்டம் சொல்லியது. பெற்றோர் வீடு இருவர் பெயரிலும் இருந்ததால், நாலு வருடத்துக்கு முன்னால், தம்பி இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்ற காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். பேப்பரிலும் இரண்டு அங்குலத்தில் அறிவிப்பு வந்தது.

இனிப் பெடல் விஷயம். இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அவளுக்குப் பதினாலு வயது, தம்பிக்குப் பன்னிரண்டு இருக்கும்போது அவர்கள் வீட்டுப் பழைய பெடலுக்குள் ஒயர் அறுந்துபோனது. பெடலுக்குள் இருப்பது ரேடியோவில் சத்தம் கூட்டக் குறைக்க இருக்கிற அதே கண்ட்ரோல்தான். மூன்று ஒயர். தம்பி தானே ஈயத்தைக் காய்ச்சி ஒட்டவைத்தான். ஓரத்து ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டான். அன்றிலிருந்து அந்தப் பெடலை அழுத்தினால் சத்தம் குறையும், காலைத் தூக்கினால் கூடும். வேறு யாரும் வாசித்து அவர்கள் பார்த்ததில்லை. இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று இரண்டு பேரும் அப்படியே பழகிவிட்டார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பக்கம் மிதிக்கிறது என்று தெரிந்தபோது கால்கள் படித்து முடித்துவிட்டன. அதன் பிறகு எந்தப் பெடல் வாங்கினாலும் ஒயரைத் தலைகீழாக்கித்தான் அவள் வைத்துக்கொண்டாள். அப்படி மிதிக்கிற கால் பூமியில் இரண்டுதான் உண்டு. காகிதப்படி ஒன்றுதான் பாக்கி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தன் கருவியையும் தூக்கிக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனாள். பெடல் வாங்குவது செருப்பு வாங்குவது மாதிரி, கால் போட்டுப் பார்க்காமல் முடியாது.

"வாங்கக்கா. பொணத்தையே சொரண்ட வச்சிட்டீங்களாமே" என்றான் கடைக்காரன். அவளைவிடப் பத்து வயது சின்னவன், வாய் மட்டும் மூத்தது.

"வாயை மூடிட்டு பெடலைக் காட்டுப்பா."

மூன்று எடுத்து வைத்தான். முதலாவது கயிற்றுப் பெடல். மிதிக்கும்போது உள்ளே ஒரு கயிறு கண்ட்ரோலைச் சுற்றி இழுக்கும். வெண்ணெய் மாதிரி போயிற்று, ஆனால் உயரம் அதிகம். காலை வைத்ததும் முழங்கால் போய் நெம்புகோலில் இடித்தது, கேட்காமலே ஒரு கம்பி சுருதி மாறி ஊளையிட்டது. இரண்டாவது பல்சக்கரம் வைத்தது. கனம். ஒவ்வொரு பல்லும் பாதத்துக்குத் தெரிந்தது. மூன்றாவதில் கண்ட்ரோலே கிடையாது. உள்ளே ஒரு சின்ன விளக்கு, அதை மறைக்கிற ஒரு தகடு. ஒன்றோடு ஒன்று உரசுவதில்லை, ஆகவே தேய்வதும் இல்லை.

"ஆயுசுக்கும் கரகரக்காது. ஆனா ஒண்ணு, இதுல உங்க தலைகீழ் வேலை நடக்காது. போர்டே அப்படித்தான் வருது."

"அம்பத்திரண்டு வயசுல காலுக்கு மறுபடி அரிச்சுவடியா?"

"எல்லாரும் அப்படித்தானேக்கா மிதிக்கிறாங்க. நீங்களும் ஊரோட சேந்துக்கங்க."

அவள் பாதி மனதோடு அதையும் மிதித்துப் பார்த்தாள். சத்தம் கூட வேண்டிய இடத்தில் குறைந்தது, குறைய வேண்டிய இடத்தில் அலறியது. கடைக்காரனுக்கு போன் வந்தது. அவன் வாசல் பக்கம் போய்ப் பேச ஆரம்பித்தான். அவளுக்குக் காலை நீட்ட வேண்டும் போலிருந்தது. நீட்டியபோது மேசைக்கு அடியில் இருந்த மரப்பெட்டியில் கட்டைவிரல் இடித்தது. பழைய சாமான் பெட்டி. மைக் தலைகள், ஒடிந்த ஸ்டாண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெடல். கறுப்பு, தாழ்வான உடம்பு, மேல் ரப்பர் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. உயரம் சரியாக இருக்குமே என்றுதான் எடுத்தாள். வேறெந்த நினைப்பும் இல்லை.

ஒயரைச் செருகினாள். காலை வைத்தாள். ஒரு கம்பியைத் தட்டி, பழக்கத்தில் மெல்லக் காலைத் தூக்கினாள். சத்தம் எழுந்து வந்தது.

அழுத்தினாள். அடங்கியது.

ஒயரை யாரும் மாற்றித் தரவில்லை. அவள் இன்னும் அதைத் திறக்கவே இல்லை. மறுபடி தூக்கினாள், மறுபடி எழுந்தது. முழுக்க எழும் இடத்தில், தட்டு கொஞ்சம் பக்கவாட்டில் ஆடியது. சத்தத்தின் நுனியில் ஒரு நடுக்கம் வந்து போயிற்று. இப்போதுதான் ஒருவர் கழற்றிவிட்டுப் போன செருப்பில் கால் நுழைத்த மாதிரி அவளுக்கு உள்ளங்கால் கூசியது. காலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அந்தப் பெடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரன் திரும்பி வந்தான். "அதை விடுங்கக்கா, கோளாறு புடிச்சது. எவனோ உள்ள ஒயரை மாத்தி..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"திற" என்றாள்.

"என்னக்கா?"

"அடித் தட்டைத் திறப்பா."

நாலு திருகாணிகளையும் கழற்றினான். ஓரத்து ஒயர்கள் இடம் மாறியிருந்தன. அது ஒரு தவறாக இருக்கலாம், உலகத்தில் தவறு செய்ய ஆட்களா இல்லை. ஆனால் ஒவ்வொரு ஒயரும் ஈயம் வைப்பதற்கு முன்னால் துளைக்குள் ஒரு சின்ன முடிச்சுப் போடப்பட்டிருந்தது. யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், வீண் வேலை. பன்னிரண்டு வயதில் ஒரு தரம் ஒயர் அறுந்த பயத்தில், வாழ்நாள் முழுக்க முடிச்சுப் போட்டுவிட்டு ஈயம் வைத்த ஒருவனை அவளுக்குத் தெரியும்.

"இந்தக் கண்ட்ரோல் எப்ப செஞ்சது?"

அவன் டார்ச் அடித்து அதன் முதுகில் பொறித்திருந்த எண்களைப் படித்தான். "மூணு வருஷம் முன்னாடிக்கா. ஏன்?"

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாலு வருடத்துக்கு முன்னால் அவள் கையெழுத்துப் போட்டுச் சாகடித்தவன், அதற்கப்புறம் ஒரு வருடம் கழித்து ஓரிடத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறான். பட்டப்பகல், தெருவில் ஆட்டோ ஓடுகிறது. அவளுக்குக் கழுத்தின் பின்பக்கம் ஜில்லென்று ஆகிவிட்டது.

"யாரு கொண்டாந்து குடுத்தது?"

திருட்டுச் சாமான் வந்துவிடக்கூடாது என்பதற்காக, விற்க வருகிறவர்களின் விலாசத்தை அவன் ஒரு நோட்டில் எழுதி வைப்பான். புரட்டினான். "ஒரு பொம்பளைக்கா. பத்து நாள் ஆச்சு. வீட்டுக்காரரோடதுன்னு சொன்னாங்க." வீட்டுக்காரர் பெயரைப் படித்தான். அது தம்பியின் பெயர் இல்லை.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

கடைக்காரன் தயங்கினான். "சொல்லல. ஆனா நம்ம லைன்ல உங்களுக்குத் தெரியாததா? வாசிக்கிறவன் உயிரோட இருந்தா, பொண்டாட்டி எடுத்துட்டு வந்து விக்க விடுவானா?"

உண்மைதான். அவன் கடைக்கு வருகிற பழைய பெடல்களில் பாதி அப்படி வருபவைதான். அவள் புதுப் பெடல்கள் மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு, பெட்டியில் கிடந்ததை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, விலாசத்தைக் கையில் எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

நேரே அந்த விலாசத்துக்குப் போனாள் என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. பயந்தாள். போனால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். பத்து வருடம் தேடியதை அங்கே படமாக, சட்டம் போட்டுச் சுவரில் பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது? கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் படத்தோடா பேசுவது? அன்றைக்குப் பதினோரு மணிக்கு ஒரு தகனச் சேவை, மூன்று மணிக்கு ஒன்று. பையோடு கூடத்துக்குப் போனாள்.

பதினோரு மணிக்கு வந்தது ஒரு வயதான அம்மாள். கூட வந்தவர்கள் ஆறே பேர். ஸ்டீலக்கா எப்போதும் வாசிப்பதையே வாசிக்க ஆரம்பித்தாள். பெடல் சுரண்டவில்லை, நல்ல பிள்ளையாக இருந்தது. ஆனால் அவள் கால் போக நினைத்த இடத்துக்கு முன்னாலேயே தட்டு நழுவிப் போயிற்று. யாரோ நடந்து நடந்து பாதையாக்கின இடத்தில் வண்டிச் சக்கரம் தானாக விழுகிற மாதிரி. சத்தம் ஏறும், நுனியில் அந்த நடுக்கம் வரும், சட்டென்று அடங்கும், முழுக்கச் செத்தது என்று நினைக்கும்போது மறுபடி எழும். செத்தபின் எழுப்புகிற அந்த வழக்கம் தம்பியுடையது. அவளுக்கு அது பிடிக்காது, சிறு வயதில் அதற்காக அவன் மண்டையில் குட்டியிருக்கிறாள். நடுக்கம் மட்டும் புதிது. அது அவளுக்குத் தெரிந்த காலில் இருந்ததில்லை.

சேவை முடிந்ததும் மேலாளர் எட்டிப் பார்த்தார். "இப்ப வாசிச்சது நீங்களா?"

"பின்ன யாரு சார்?"

"ஆபீஸ்ல இருந்து கேட்டேன். வேற யாரோ உக்காந்து வாசிக்கிறாங்கன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லாத்தான் இருந்துச்சு. என்னமோ, முதுகு சிலுத்துருச்சு."

மூன்று மணிச் சேவையில் அவள் தன் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் வழியில் வாசிக்கப் பார்த்தாள். முடியவில்லை. திரை விலகி, பெட்டி உள்ளே நகர்ந்தபோது, கம்பி அடங்கி, அடங்கினதிலிருந்து தானே எழுந்தது. பெட்டியோடு வந்தவர்களில் ஒரு பெண் திரும்பி, பெட்டியை விட்டுவிட்டு, ஸ்டீலக்காவின் காலைப் பார்த்தாள். அப்போதுதான் ஸ்டீலக்கா முடிவு செய்தாள். படமாக இருந்தாலும் சரி, போய்ப் பார்த்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பஸ் மாறிப் போனாள். கீழே சலவைக் கடை, மேலே மூன்று மாடி வீடுகள். படிக்கட்டில் சோப்புத் தண்ணீரின் ஆவி. இரண்டாவது மாடியில் கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டே, "யாருங்க?" என்றாள்.

"கடையில ஒரு பெடல் குடுத்தீங்களே. நான்தான் வாங்கினேன்."

"அய்யோ, ரிப்பேரா? நான் அப்பவே கடைக்காரர்ட்ட சொன்னேனே, அது எப்படின்னு எனக்குத் தெரியாதுன்னு. உள்ள வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க."

உள்ளே போன உடனே ஸ்டீலக்கா சுவர்களைத்தான் பார்த்தாள். நாலு சுவரிலும் ஒரு படமும் இல்லை. ஒரு காலண்டர், ஒரு கடிகாரம், கதவுக்குப் பின்னால் ஆணியில் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று. சட்டை ஈரமாக இருந்தது. இன்றைக்குத் துவைத்தது. அவள் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரிப்பேர் ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கு. யாரு வாசிச்சதுன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"எங்க வீட்டுக்காரருதான். கீழ சலவைக் கடையில மெஷின் பாக்குறாரு, இப்ப வந்துருவாரு. ராத்திரி பகல் அதையே கட்டிக்கிட்டு அழுவாரு. திடீர்னு ஒரு நாள் தூக்கிப் போடுன்னுட்டாரு. தூக்கிப் போட மனசு வரல, வித்துட்டேன்."

"ஏன் தூக்கிப் போடச் சொன்னாரு?"

அந்தப் பெண் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"வெளில சொன்னா சிரிப்பாங்கக்கா. கூட வேலை செஞ்சவர் ஒருத்தர் தவறிட்டாரு. தகனத்துக்குப் போனாரு. வாசல் வரைக்கும் போயிட்டு உள்ள போகாம ஓடி வந்துட்டாரு. உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. என்னன்னு கேட்டா, உள்ள அக்கா வாசிக்கிறா, என் காதால கேட்டேன்னு சொல்றாரு."

"அக்கா..."

"அவருக்கு ஒரு அக்கா இருந்தாங்களாம். இதே மாதிரி வாசிப்பாங்களாம். அவங்கதான் செத்து பதினோரு வருஷம் ஆச்சே. வேன் கவுந்து அக்காவும் மாமாவும் அதே இடத்துல போயிட்டாங்க. ஓட்டினது இவருதான். அதுல இருந்து கால் சரியில்ல, மனசும் சரியில்ல. அன்னைக்கு ராத்திரி முழுக்க லைட்டை அணைக்க விடல. காலைல பெடலைத் தூக்கிப் போடுன்னாரு." அவள் முழங்கையைத் தடவிவிட்டுக்கொண்டாள். "எனக்கும் அந்த அக்கா மேல கொஞ்சம் பயம்தான். பாவம், என்ன ஆசையோட போனாங்களோ."

ஸ்டீலக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தான் இந்த வீட்டில் பதினோரு வருடமாகப் பிணம் என்பது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. அவள் ஏறவே இல்லாத வேனில் அவளை ஏற்றி, அவள் கணவனுக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறான். இந்தப் பெண் அவளுக்குப் பயந்து விளக்கைப் போட்டுத் தூங்கியிருக்கிறாள். தன் கையைப் பார்த்தாள். விரலில் நகம் மாட்டிய தழும்பு இருந்தது. இருந்தாலும் ஒரு கணம் சந்தேகமாகத்தான் இருந்தது.

படியில் கால் சத்தம். ஒன்று அழுத்தமாக, ஒன்று இழுத்தாற்போல. கதவு திறந்தது.

அவனுக்கு முன்தலையில் முடியில்லை. தாடி நரைத்திருந்தது. மற்றபடி அதே கண்கள். அந்தக் கண்கள் அவளைப் பார்த்த மாத்திரத்தில், உடம்பில் ரத்தமே இல்லாதவன் மாதிரி வெளுத்துப்போனான்.

"இவங்கதாங்க உங்க பெடலை வாங்கினவங்க" என்றாள் மனைவி.

அவன் கேட்டான். "நல்லா இருக்கா?"

"மேல போறப்ப லேசா ஆடுது" என்றாள் அக்கா.

"அது என் கால்."

"இருங்க, தண்ணி கொண்டாரேன்" என்று மனைவி சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவன் கதவை விட்டு நகரவில்லை. வெளியே ஓடுவதற்குத் தோதாக ஒரு கையைக் கைப்பிடியிலேயே வைத்திருந்தான்.

"கூடத்துல கேட்டப்ப நெசமாவே செத்தவதான் வாசிக்கிறான்னு நெனச்சேன்" என்றான், உதடு அசையாமல். "அத்தனை தடவ சொல்லிச் சொல்லி எனக்கே மறந்து போச்சு."

"என்னை ஏன்டா சாகடிச்ச?"

"நீ உயிரோட இருந்தா, நான் ஏன் பொழச்சேன்னு உனக்குப் பதில் சொல்லணுமேக்கா."

பதினோரு வருடமாக என்னென்னவோ சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள், வாயில் வந்தது வேறு.

"நானும் உன்னைச் சாகடிச்சேன்" என்றாள். "காகிதத்துல."

"பேப்பர்ல பாத்தேன். அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்." சமையலறைப் பக்கம் கண்ணை ஓட்டினான். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது, என் நெசப் பேருகூட. தெரிஞ்சா எட்டு வருஷமா நான் சொன்னது எல்லாமே பொய்யின்னு ஆயிரும். பெடல் வாங்கினவளாவே போயிரு அக்கா. கால்ல விழுந்து கேக்குறேன்."

குழாய் நின்றது. அவன் கேட்டதைச் செய்துவிடலாம் என்றுதான் அவள் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டாள், இரண்டு அடி வைத்தாள். நாளைக்குத் திங்கட்கிழமை. கூடத்துக்குப் போக வேண்டும், வாசிக்க வேண்டும், அவள் பிழைப்பு ஓடும். இந்த வீட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அவன் இப்படியே, கைப்பிடியில் கை வைத்தபடியே கிழவனாவான். நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது, அவன்மேல் பாதி, தன்மேல் பாதி.

மனைவி டம்ளரோடு வந்தாள். "அதுக்குள்ள கிளம்பிட்டீங்களாக்கா?"

"நான் இவனோட அக்காம்மா."

அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கி, புருஷனைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. முதுகைக் கதவில் சாய்த்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தான்.

"அந்த வேன்ல நான் போகல. எனக்குக் காய்ச்சல். இவன் பொழச்சு வந்தான், நீ மட்டும் ஏன் பொழச்சன்னு கேட்டுட்டேன். கேட்கக்கூடாததக் கேட்டுட்டேன்." அவள் குரல் உடைந்தது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. "நீ பொழச்சதுல எனக்குச் சந்தோஷம்டா. அதைச் சொல்லத்தான் வந்தேன். பதினோரு வருஷம் லேட்டு."

அவன் முகத்தை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தான், தோள் மட்டும் குலுங்கியது. மனைவி அவனிடம் போகவில்லை. டம்ளரை மேசையில் வைத்தாள். ஒரு அடி முன்னால் வந்து, பயந்து பயந்து கையை நீட்டி, அக்காவின் மணிக்கட்டைத் தொட்டாள். பிறகு பிடித்தாள். சூடு இருக்கிறதா என்று பார்த்தாளோ, நாடி பார்த்தாளோ தெரியாது, வெகு நேரம் விடவில்லை.